ஓ.டி.பி. கேட்ட வயலின்காரி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றிய ஓர் எச்சரிக்கை இன்றும் இருக்கிறது. போனை மாற்றினால் அதுவும் கூடவே புதுப் போனுக்கு வந்துவிடுகிறது. அதன்படி நான் கல்கத்தாவிலிருந்து இயங்கும் ஒரு மோசடிக் கும்பலின் ஆள். எழுதியவர் என் பெரியப்பா. முதலில் நம்பியவர் என் அம்மா. இருவர் மேலும் எனக்கு வருத்தம் கிடையாது. அன்று நான் பேசிய பேச்சை நானே கேட்டிருந்தால் நானும் என்னை பிளாக் செய்திருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சால்ட் லேக்கில் மென்பொருள் வேலை, பவானிபூரில் ஒரு வீட்டு மாடியில் தங்கல். புதன்கிழமை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும், அதே தெருவில் ஒரு பழைய நூலகத்தின் மாடியில், ஓர் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்தேன். (ஆர்கெஸ்ட்ரா என்றால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடையில் சினிமாப் பாட்டுப் பாடுகிறவர்கள். இது அதில்லை. வயலின், செல்லோ, கிளாரினெட் என்று நாற்பது பேர் தாளைப் பார்த்து மேல்நாட்டு இசை வாசிப்பது. இந்த வித்தியாசத்தை என் சொந்தக்காரர்களிடம் நான் விளக்காத ஆண்டே இல்லை. "அது சரி, நீ எந்தப் பாட்டு பாடுத?" என்று இன்னும் கேட்கிறார்கள்.)

நான் சிறுவயதில் கற்றது கர்நாடக வயலின். அதனால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது என் விரல் தானாக இழைந்து, குழைந்து, வழியில் இரண்டு பேரை விசாரித்துவிட்டுத்தான் போகும். முன்னால் நின்று குச்சியால் தாளம் காட்டும் எங்கள் கண்டக்டர் தீபங்கர்-தாவுக்கு அது ஆகாது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குச்சியை இறக்கி வைத்துவிட்டு, "செல்வி, நடந்து போகாதே, குதி" என்பார். குதித்துப் பார்த்தேன். வேறு எங்கோ போய் இறங்கினேன். ஆகவே என்னை இரண்டாம் வயலின்களின் கடைசி வரிசையில், ஜன்னலுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள்.

எங்களிடம் சொந்தமாக டபுள் பாஸ் கிடையாது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஒரு கடையிலிருந்து வாடகைக்கு எடுப்போம். ஒவ்வொரு ஞாயிறும் அது ஒரு சைக்கிள் வண்டியில், நீல நிறத் தார்ப்பாய் போர்த்தி, தீராத நோயாளியைப் போலப் படுத்தபடி ஹாஜ்ரா முனையைக் கடந்து வரும். மழைக்காலத்தில் அதன் வயிற்றுக்குள் தண்ணீர் ஆடும் சத்தம் கேட்டதாக வாசிப்பவர் சத்தியம் செய்வார். அந்த ஆண்டு கடைக்காரர், ஒரு ஹோட்டல் அதை விலைக்குக் கேட்கிறது, சீக்கிரம் கொடுத்துவிடப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். பாஸ் இல்லையென்றால் துர்கா பூஜைக்கு முந்தைய கச்சேரி இல்லை. கச்சேரி இல்லையென்றால் நூலகக்காரர்கள் எங்களை எதற்காக மாடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

இந்த நிலையில்தான் ஓர் அறக்கட்டளை, ஊரிலுள்ள சிறு அமைப்புகளுக்கு உதவித்தொகை கொடுப்பதாக அறிவித்தது. தேர்வுக் குழு எதுவும் இல்லை. இணையத்தில் பொதுமக்கள் ஓட்டுப் போடுவார்கள். முதல் மூன்று இடங்களுக்குப் பணம். எங்கள் செயலாளர் ஜூமா-தி, கிளாரினெட் வாசிக்கும் பள்ளி ஆசிரியை, சொந்தமாக ஒரு பாஸ் வாங்க விண்ணப்பித்துவிட்டு வந்து, ஆளுக்கு இருபது ஓட்டாவது கொண்டுவர வேண்டும் என்று சொன்னார்.

நான் எழுந்து நின்று, தமிழ்நாட்டிலிருந்து இருநூறு ஓட்டு என் பொறுப்பு என்றேன்.

யாரும் என்னிடம் அவ்வளவு கேட்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு கணக்கு தீர்க்க வேண்டியிருந்தது. போன கச்சேரியில் ஓரிடத்தில் நாற்பது பேரும் சேர்ந்து மௌனமாக இருக்க வேண்டும். நான் மட்டும் வாசித்தேன். நன்றாக, தைரியமாக, முழு வில்லையும் இழுத்து வாசித்தேன். அரங்கத்தில் இருந்த ஒருவர் அதைத் தனி ஆவர்த்தனம் என்று நினைத்துக் கைதட்டவும் செய்தார். அதற்குப் பிறகு தீபங்கர்-தா என்னைத் திட்டவில்லை. திட்டாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

ஓட்டுப் போடும் முறை எளிது. அறக்கட்டளையின் பக்கத்தில் நமது போன் எண்ணைக் கொடுத்தால் ஆறு இலக்க ஓ.டி.பி. வரும். அதைப் போட்டால் ஓட்டு விழும். ஆனால் என் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு லிங்க் என்பது தொட்டால் ஷாக் அடிக்கிற பொருள். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்கள் எண்ணை நானே இங்கிருந்து பதிவு செய்வேன். அவர்களுக்கு ஓ.டி.பி. வரும். நான் போன் செய்து அதைக் கேட்டு நானே போட்டுவிடுவேன். அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

பேச வேண்டியதைத் தாளில் எழுதியே வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் அப்படித்தான் பழக்கம். "நீங்க எதுவும் பண்ண வேண்டாம். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதை மட்டும் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான். இன்னைக்கே சொல்லிட்டீங்கன்னா நல்லது." எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். மரியாதையாகவும் தெளிவாகவும் இருப்பதாகத் தோன்றியது.

முதல் போன் தென்காசி அத்தைக்கு. அத்தை உடனே ஆறு இலக்கத்தையும் சொன்னார். அதற்கு முன் வந்திருந்த சிலிண்டர் நம்பரையும் சொன்னார். தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று ஏ.டி.எம். கார்டின் நாலு எண்ணையும் சேர்த்துச் சொன்னார். நான் பதறிப்போய், அதையெல்லாம் யாரிடமும் சொல்லக்கூடாது அத்தை என்று பத்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். போனை வைத்த பிறகுதான் அத்தைக்குப் பயம் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமே என்று.

அத்தை உடனே பெரியப்பாவுக்குப் போன் செய்தார்.

பெரியப்பா வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பக் குழுவின் அட்மின். மற்றக் குழுக்களில் அட்மின்கள் காலையில் ரோஜாப்பூ அனுப்புவார்கள். இவர் மோசடி எச்சரிக்கை அனுப்புவார். பணியில் இருந்த காலம் முழுவதும் அவர் கிளையில் ஒரு மோசடி கூட நடந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு, லேசான ஏமாற்றமும் உண்டு. ஒரே ஒரு மோசடிக்காரன் தனக்குப் போன் செய்ய மாட்டானா, கையும் களவுமாகப் பிடித்துவிட மாட்டோமா என்று எட்டு ஆண்டுகளாகக் காத்திருந்தார். அன்று மாலை நாலரை மணிக்கு நான் செய்தேன்.

"பெரியப்பா, நான் செல்வி பேசுதேன். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும்..."

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு மிகவும் இனிமையான குரலில், "சொல்லுங்கம்மா" என்றார்.

பிறந்ததிலிருந்து அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. வயதாகிவிட்டது, அன்பு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எங்கிருந்து பேசுகிறேன் என்று கேட்டார். கல்கத்தா என்றேன். "ஓ, கல்கத்தா" என்று நிதானமாகத் திருப்பிச் சொன்னார். யாரோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் தாளைப் பார்த்து மிச்சத்தையும் வாசித்தேன், ரெண்டு நிமிஷம் உட்பட.

"எல்லாம் சரி," என்றார் பெரியப்பா. "நீங்க செல்விதான்னா, உங்க பெரியம்மா பேரைச் சொல்லுங்க பாப்போம்."

பெரியம்மா பெயர் பெரியம்மா. என் அப்பா அவரை மதினி என்பார். அம்மா, அக்கா என்பார். தெருவில் மேனேஜர் வீட்டு அம்மா. கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் பெரியப்பா பெயருக்கு முன்னால் 'திரு, திருமதி' என்று போட்டு முடித்துவிடுவார்கள். பெரியப்பா அவரைக் கூப்பிடுவது "இந்தா" என்று. "இந்தா" என்பது பெயராக இருக்க முடியாது என்ற அளவுக்கு எனக்குத் தெளிவு இருந்தது. ஒவ்வொரு கோடை விடுமுறையும் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். எனக்கு அம்மை போட்டபோது இருபது நாள் கூடவே படுத்திருந்தவர் அவர். அவருக்குச் சுண்டல் பிடிக்காது, இடி சத்தம் ஆகாது, இடது முழங்கால் வலிக்கும், எல்லாம் தெரியும். பெயர் தெரியாது.

"கோமதியா பெரியப்பா?" என்றேன். எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு கோமதி மேல் படும்.

போன் வைக்கப்பட்டது. கால் மணி நேரத்தில் குழுவில் இது வந்தது:

"எச்சரிக்கை. நம் செல்வியின் குரலை ஏ.ஐ. மூலம் தயாரித்து, கல்கத்தாவிலிருந்து ஒரு கும்பல் ஆர்கெஸ்ட்ரா பேரில் ஓ.டி.பி. கேட்கிறது. குரல் அப்படியே இருக்கிறது. ஆனால் குடும்ப விஷயம் எதுவும் தெரியவில்லை. தென்காசியில் ஒருவர் ஏமாந்துவிட்டார். அனைவருக்கும் பகிரவும்."

கீழே, ஓ.டி.பி.யோடு வந்த ஓட்டுப் போடும் லிங்க்கும், யாரும் தொட வேண்டாம் என்ற குறிப்பும். நான் பதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதே குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "பெரியப்பா எல்லாம் சொல்லிட்டாக. நீ யாரா இருந்தாலும் எம் பிள்ள குரல்ல பேசாத" என்றார். அம்மா, நான்தான் என்றேன். மூன்று முறை சொன்னேன். அம்மா போனை வைத்துவிடவும் இல்லை. நம்பலாமா வேண்டாமா என்று தவிக்கிறார் என்று புரிந்தது. அந்த நேரம் பார்த்து நான் கேட்டேன்: "சரிம்மா, பெரியம்மா பேரு என்னன்னு மட்டும் சொல்லிரு."

"அதத்தான் யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காக" என்றார் அம்மா. வைப்பதற்கு முன், பழக்க தோஷத்தில், "சாப்டியா?" என்று கேட்டார். மோசடிக் கும்பல் பட்டினியாக இருப்பதில் அவருக்கு உடன்பாடில்லை.

குடும்பத்தோடு நின்றிருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். ஆனால் பெரியப்பா ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளின் குழு ஒன்றிலும் இருந்தார். நாடு முழுவதும் பரந்து கிடக்கும், பகிர்வதைத் தவிர வேறு வேலை இல்லாத குழு அது. எச்சரிக்கை அங்கே ஆங்கிலமானது. எங்கோ ஓரிடத்தில் ஹிந்தியானது. அடுத்த புதன்கிழமை ஒத்திகைக்கு நான் போனபோது ஜூமா-தி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவில் வங்காளியில் வந்த செய்தி ஒன்றை எல்லோருக்கும் உரக்கப் படித்தார். பவானிபூர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றின் பேரில் ஓட்டுக் கேட்டு வரும் லிங்க்கைத் தொட வேண்டாம். தொட்டால் வங்கிக் கணக்கு காலி. கும்பலின் தலைவி யார் குரலிலும் பேசக்கூடிய ஒரு தென்னிந்தியப் பெண்.

முப்பத்தொன்பது பேரும் அறையில் இருந்த தென்னிந்தியப் பெண்களைத் தேடினார்கள். வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த வங்காளியில், கோமதி வரைக்கும். யாரோ "ஷொர்போனாஷ்" என்றார்கள். (சர்வநாசம்தான். வங்காளியில் சொன்னால் கொஞ்சம் உருண்டையாக இருக்கும்.) ஓட்டுப் பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்த நாங்கள் இரண்டு நாளாக அசையாமல் நிற்பதற்கும், எங்களுக்குக் கீழே இருந்த ஏரிக்கரைச் சிரிப்போர் சங்கம் (காலை நடைக்கு வருகிறவர்கள் வட்டமாக நின்று சிரிக்கும் அமைப்பு) எங்களைத் தாண்டிப் போனதற்கும் காரணம் அப்போது எல்லோருக்கும் விளங்கியது. பாஸ் வாசிப்பவர் தன் வில்லை எடுத்து உறைக்குள் வைத்தார். அவ்வளவுதான். எனக்கு அந்த அலமாரிக்குள் போய் நின்றுகொள்ளலாம் போல இருந்தது.

தீபங்கர்-தா குச்சியை இறக்கி வைத்தார். பிறகு, "உன் பெரியப்பாவுக்கு ஈமெயில் உண்டா?" என்று கேட்டார்.

ஆர்கெஸ்ட்ராவின் லெட்டர்ஹெட்டில் அவரே ஒரு கடிதம் எழுதினார். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கும், ஒரு பிழை கூட இல்லாத ஆங்கிலக் கடிதம். பெரியப்பாவிடமிருந்து அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அதில் நிபந்தனைகள் வரிசை எண்ணோடு இருந்தன. பதிவுச் சான்றிதழ் நகல் வேண்டும். ஞாயிறு காலை பத்தரைக்கு வீடியோ அழைப்பில் உறுப்பினர்கள் அனைவரும் வாத்தியங்களுடன் ஆஜராக வேண்டும். சந்தேகத்துக்குரிய பெண்ணும் இருக்க வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணியோடு ஓட்டெடுப்பு முடிகிறது. வேறு வழியில்லை.

ஞாயிறன்று ஜூமா-தியின் போனை இசைத் தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து, ஒலிபெருக்கியோடு இணைத்தோம். திரையில் பெரியப்பா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். தீபங்கர்-தாவை ஆங்கிலத்தில் விசாரித்தார். எப்போது தொடங்கியது, கணக்கைத் தணிக்கை செய்வது யார், டபுள் பாஸ் எதற்கு, சின்னதாக வாங்கினால் ஆகாதா. தீபங்கர்-தா ஒவ்வொன்றுக்கும் நின்றபடி பதில் சொன்னார். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய்விட்டது என்று எனக்குப் பட்டது. பாஸைக் காட்டச் சொன்னார். அன்று மழை. இரண்டு பேர் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார்கள். துக்க வீட்டில் செய்வது போல மெதுவாகத்தான் செய்தார்கள். பெரியப்பாவும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆர்கெஸ்ட்ரா உண்மையானது என்று ஒப்புக்கொண்டார். "ஆனா இந்தப் பிள்ள மேலதான் எனக்கு டவுட்" என்றார், தமிழில்.

நான் திரைக்கு முன்னால் போய் நின்றேன். முகத்தையும் இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார்கள் என்றார். வயலின் வாசித்தேன். அதையும் செய்கிறார்கள் என்றார். பின் பேனா மூடியைத் திறந்தார்.

"பெரியம்மா பேரு என்ன?"

அந்த வாரம் முழுவதும் நான் தேடியிருந்தேன். தெரிந்த எல்லோரிடமும் கேட்டிருந்தேன். குடும்பத்தில் எனக்குப் பதில் சொல்ல ஒருவரும் தயாராக இல்லை. இன்னொரு பெயரைச் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். திரையில் அவருக்குப் பின்னால் சமையலறைக் கதவு தெரிந்தது. எத்தனையோ மே மாதங்களில் நான் சாப்பிட்டுக் கை கழுவப் போன கதவு.

"தெரியாது பெரியப்பா," என்றேன். "பெரியம்மான்னுதான் கூப்பிட்டிருக்கேன். பேரைக் கேட்டதே இல்ல. தப்புதான்."

பெரியப்பா எழுதப் போனார். அதற்குள் சமையலறைக் கதவிலிருந்து குரல் வந்தது.

"இது நம்ம பிள்ளதான். கள்ளனா இருந்தா பேரைத் தெரிஞ்சு வச்சிட்டுல்லா வந்திருப்பான்."

பெரியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, பெரியப்பாவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் திரைக்குள் எட்டிப் பார்த்தார். மெலிந்துவிட்டாய் என்றார். பிறகு, "எம் பேரு செண்பகவல்லி. எழுதி வச்சிக்கோ" என்றார். கோபமா, கேலியா என்று முகத்தில் தெரியவில்லை. "கோமதியாம்ல" என்று மட்டும் பக்கத்தில் யாரிடமோ சொன்னது கேட்டது.

என்ன நடந்தது என்று தெரியாமல் முப்பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். தீபங்கர்-தா திரையை நோக்கிக் கைகூப்பினார். ஆர்கெஸ்ட்ரா முழுவதும் எழுந்து நின்று கைகூப்பியது. பெரியம்மா வெட்கப்பட்டுக் கேமராவை விரலால் மூடிவிட்டார்.

பதினொன்றரைக்கு மறுப்பு வெளியானது. "செல்வி உண்மையானவள் என்று உறுதி செய்யப்பட்டது. விருப்பமுள்ளோர் ஓட்டளிக்கலாம்." எச்சரிக்கை நாடு முழுவதும் பறந்தது. மறுப்பு பாளையங்கோட்டையைத் தாண்டவில்லை. என்றாலும் எங்கள் குடும்பம் அன்று மதியம் உட்கார்ந்து ஓட்டுப் போட்டது. ஆறு மணிக்கு முடிவு வந்தது. ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் சிரிப்போர் சங்கம் மூன்றாம் இடம். நாங்கள் நான்காவது. அம்மா தன் ஓட்டை இரவு சமையல் முடித்துப் போடலாம் என்று வைத்திருந்ததாகப் பிறகு சொன்னார். அம்மாவிடம் ஒன்பது ஓட்டு கிடையாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அறக்கட்டளையின் பணம் வரவில்லை. ஹோட்டல்காரர்கள் பாஸை வாங்க வந்து, அது அவர்களுடைய லிஃப்டுக்குள் நுழையாததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே அது இன்னமும் ஞாயிறுதோறும் படுத்தபடியே எங்களிடம் வந்துகொண்டிருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவின் விதிகளில் மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. உறுப்பினர்கள் தங்கள் உறவினர்களுக்குச் சங்கத்தின் சார்பில் போன் செய்யக்கூடாது.

இரண்டு ஆண்டு கழித்துத் திருநெல்வேலியில் என் கல்யாணம். கல்கத்தாவிலிருந்து ஆறு பேர் இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கினார்கள். (வரவேற்பில் அவர்கள்தான் பாடப்போகிறார்கள் என்று மண்டபத்தில் பாதிப் பேர் நம்பியிருந்தார்கள்.) பந்தி நடக்கும் இடத்தில் பெரியம்மா இலை போடுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். வேட்டியும் ஜிப்பாவுமாக தீபங்கர்-தா நேராக அவரிடம் போய்க் கைகூப்பி, கணீரென்று, "நொமொஷ்கார், ஷெண்பொகொபொல்லி-தி" என்றார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. யாரைக் கூப்பிடுகிறார் என்று பெரியப்பா கேட்டார். "என்னையத்தான்" என்றார் பெரியம்மா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த ஆறு பேருக்கும் அன்று அவரே கையால் பரிமாறினார். தீபங்கர்-தா இலையில் மூன்று முறை பாயசம் விழுந்தது.

அன்றிலிருந்து குடும்பத்தில் பெரியம்மாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், வங்காள உச்சரிப்போடு. பெரியப்பாவும்தான். நாற்பது வருஷமாகப் பெண்டாட்டி பேரைத் தமிழில் சொல்லக் கூச்சப்பட்டவருக்கு வங்காளியில் கூச்சமில்லை. போன வாரம் போன் செய்தபோதுகூட, "ஏ ஷெண்பொகொபொல்லி-தி, காப்பி என்னாச்சு?" என்று அவர் வாசலிலிருந்து கூப்பிடுவது கேட்டது.

வங்காளியில் 'தி' என்றால் அக்கா. எங்கள் குடும்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும், பெரியப்பாவைத் தவிர. அவரிடம் சொல்லக்கூடாது என்பது பெரியம்மாவின் உத்தரவு.